வால்டர் கவிழ்த்த குவளை

என் அக்கா புருஷன் வால்டர் ஹுடாக்கைப் பற்றி நல்லதாகச் சொல்லச் சொன்னால் அரை மணி நேரம் சொல்வேன். கெட்டதாகச் சொல்லச் சொன்னால் கடையைச் சாத்திவிட்டுத்தான் உட்கார வேண்டும். மனிதர் கைச்சுத்தம். யார் வீட்டுக் கூரை ஒழுகினாலும் கூப்பிடாமலே ஏணியோடு போய் நிற்பார். ஆனால் பிடித்த பிடியை விடமாட்டார். இரும்பு ஆலையில் தொழிற்சங்கம் நடத்துகிறவனுக்கு அந்தக் குணம் நல்லது. வீட்டில் ஒரே ஒரு மகனை வைத்திருக்கிற தகப்பனுக்கு அது ஆகாது.

நான் ஓல்கா. அமெரிக்காவில் எங்கள் ஆற்றோரத்து ஊரில், ஸ்லோவாக்கியாவிலிருந்து குடியேறியவர்களின் கிளப்பில் மதுக்கூடம் என் பொறுப்பு. இளமை போனது பீர் ஊற்றிக் கொடுக்கிற இந்த மேடைக்குப் பின்னால் நின்றுதான். என் முதுகுக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு பலகை. அதில் உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு பீங்கான் குவளை, பேர் எழுதியிருக்கும். அடுத்தவன் குவளையில் யாரும் குடிப்பதில்லை.

ஆலை ஓடிய காலத்தில் வேலைநிறுத்தம் என்றால், வாசல் மறியலைத் தாண்டி உள்ளே போகிறவன் கருங்காலி. அவனை நாங்கள் அடிப்பதுமில்லை, ஏசுவதுமில்லை. அவன் குவளையைப் பலகையில் கவிழ்த்து வைத்துவிடுவோம். அவ்வளவுதான். அவன் உள்ளே வந்து அதைப் பார்ப்பான், திரும்பிப் போய்விடுவான். கவிழ்த்த கைதான் அதை நிமிர்த்த வேண்டும். அதுவும் அந்த ஆள் எதிரே வந்து நிற்கும்போதுதான் நிமிர்த்த வேண்டும். எந்தப் புண்ணியவான் இந்த முறையை ஏற்படுத்தினானோ, எனக்குத் தெரியாது. கூடப்பிறந்த அண்ணன் குவளையைக் கவிழ்த்து, பத்து வருஷம் கழித்துக் கல்யாண வீட்டுக் குஷியில் கட்டிப்பிடித்து அழுது நிமிர்த்திய தம்பியை நானே பார்த்திருக்கிறேன்.

ஆலை மூடிவிட்டது. சங்கமும் போயிற்று. வால்டருக்கு மிச்சமிருந்தது இரண்டே இரண்டு: மகன் கென்னி, பேஸ்பால்.

பேஸ்பால் என்றால் சும்மா பார்க்கிற ரகமில்லை, அவர் வழக்காடுகிற ரகம். எங்கள் நகரத்து அணி சின்ன ஊர் அணி. டிவிக்காரன் தருகிற பணம் குறைச்சல், மைதானத்துக்கு வருகிற கூட்டமும் குறைச்சல். மீசை முளைக்காத ஒருவனைத் தேடிப் பிடித்து, கீழ்மட்ட அணிகளில் சில வருஷம் பழக்குவார்கள். அவன் பந்தை வேலிக்கு அப்பால் அடிக்க ஆரம்பிக்கிற நேரம் பார்த்து ஒப்பந்தம் முடியும். நியூயார்க் அணிக்காரன் வருவான். எங்கள் மொத்த அணியும் வாங்குகிற சம்பளத்தில் பாதியை அந்த ஒருவனுக்கே நீட்டுவான்.

"நாம பாலூட்டி வளக்கிறோம், அவன் அலுங்காம தூக்கிட்டுப் போறான்" என்பார் வால்டர். "ஒரு டீமுக்கு மொத்தச் சம்பளம் இவ்வளவுதான்னு ஒரு உச்சவரம்பு போடணும். பாஸ்கெட்பால்ல போட்டாச்சுல்ல? இங்க மட்டும் என்ன கேடு?"

எதிர்ப் பேச்சுக்கு எமில் இருந்தார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒல்லி உடம்பு, நாக்கு மட்டும் நல்ல நீளம்.

"உச்சவரம்பு போட்டா மிச்சக் காசு யார் பையில போகும்? உன் பையிலயா? ஓனர் பையில. ஆலைல உன் கூலிக்கு உச்சவரம்புன்னு முதலாளி வந்து நின்னிருந்தா, நீ அவன் காரைக் குப்புறத் தள்ளியிருப்ப."

"கீழயும் ஒரு வரம்பு போடச் சொல்றேன்ல? இதுக்குக் குறைச்சலா செலவு பண்ற ஓனரு டீமை வித்துட்டுப் போகட்டும்."

"நாளைக்குக் காலைல போன் போட்டுச் சொல்லிடறேன். உன் பேரைச் சொல்லட்டுமா, என் பேரைச் சொல்லட்டுமா?"

"ரெண்டு பேரும் வெளிய போய்க் கத்துங்க" என்பேன் நான். "இங்க நான் பொழப்பு நடத்தணும்."

அக்கா ஸ்டெல்லா கென்னிக்குப் பதினோரு வயதில் செத்துப்போய்விட்டாள். அதன்பிறகு வெள்ளிக்கிழமைகளில் நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பியரோகி வேகவைத்துத் தருவேன். கொழுக்கட்டை மாதிரி, உருளைக்கிழங்கு பூரணம் வைத்தது, வெண்ணெயும் வெங்காயமும் போட்டுப் புரட்டியது. அதைத் தின்ன விடாமல் இந்த மனிதர் அதிலும் பாடம் நடத்துவார். ஒரு தட்டில் மலையாகக் குவிப்பார். இன்னொன்றில் மூன்று வைப்பார்.

"இது நியூயார்க். இது நாம. இப்ப மோது."

கென்னி சிரிப்பான். அந்த மூன்றிலும் பெரிதாக ஒன்றைப் பொறுக்கி எடுத்து நியூயார்க் தட்டில் வைப்பார் வால்டர்.

"இப்ப மோது பாப்பம்."

"இது அநியாயம்ப்பா."

"அநியாயம்னு யார் சொல்றா? எமிலைக் கேட்டா சுதந்திரம்பான்."

"அத்தான், ஆறிப்போகுது. சோத்துத் தட்டுல அரசியல் பண்ணாதீங்க" என்று நான் பிடுங்கி வைப்பேன். கென்னி எப்போதும் நியூயார்க் தட்டைத்தான் இழுத்துக்கொள்வான். வளர்கிற பிள்ளை, பசி.

பந்தெறிய அவனுக்குக் கை நன்றாக இருந்தது. இடது கை. பந்து கடைசி நேரத்தில் கீழே இறங்கும், அடிக்கிறவன் காற்றைத்தான் அடிப்பான். பள்ளிக்கூடம் முடித்ததும் எங்கள் நகரத்து அணியே எடுத்தது, கீழ்மட்ட அணிகளுக்கு அனுப்பியது. எட்டு வருஷம் பஸ்ஸிலேயே போயிற்று. மாசச் சம்பளம் ஒரு சாப்பாட்டுக் கடைப் பையன் சம்பளத்தை விடக் கம்மி. ஒரு வீட்டில் ஆறு பேர், தரையில் மெத்தை. மேல்மட்டத்துக்கு ஒரு படி இருக்கும்போது தோள்பட்டையில் வலி வந்தது. வலி சரியாவதற்குள் போகச் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்து டயர் கிடங்கில் லாரிக்கு ஏற்றி இறக்கினான். நகரத்து மைதானத்தின் நடுமேட்டில் நின்று ஒரு பந்து எறிந்ததில்லை. அது மட்டும்தான் அவனுக்குக் குறை. வாய்விட்டுச் சொல்லமாட்டான். டிவியில் அந்த மேட்டைக் காட்டினால் பேச்சை நிறுத்திவிடுவான், அதிலிருந்து தெரியும்.

அவன் இருபத்தோராவது பிறந்தநாளுக்கு வால்டர் அவனுக்கென்று குவளை வாங்கி, தன் கையாலேயே பேர் எழுதினார். நீல எழுத்து. கடைசி எழுத்துக்கு இடம் பற்றாமல் நெருக்கி எழுதியிருப்பார். தன் குவளைக்குப் பக்கத்திலேயே அதை வைத்தார்.

தொண்ணூற்று நாலாம் வருஷம் ஆகஸ்டில் அது நடந்தது. அணி முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து சம்பள உச்சவரம்பு வேண்டும் என்றார்கள். ஆட்டக்காரர் சங்கம் முடியாது என்று வேலைநிறுத்தத்தில் இறங்கியது. மைதானங்கள் காலி. அந்த வருஷம் இறுதிப் போட்டியே நடக்கவில்லை.

எமில் அன்றைக்குச் சீக்கிரமே வந்து உட்கார்ந்துகொண்டார், பல்லெல்லாம் தெரிய.

"வால்டர், வா வா. உனக்காகத்தான் காத்திருக்கேன். ஓனருங்க நீ கேட்டதைத்தான் கேக்கறாங்க. ஆட்டக்காரங்க வெளிய வந்துட்டாங்க. இப்ப சொல்லு, நீ எந்தப் பக்கம்?"

கூடமே திரும்பிப் பார்த்தது. வால்டர் குவளையைப் பாதி குடித்து வைத்தார்.

"ஸ்ட்ரைக்னா ஸ்ட்ரைக்."

"யோவ், அவனுங்க கோடீஸ்வரனுங்கய்யா!"

"மறியல்ல நிக்கிறவன் பையில எவ்வளவு இருக்குன்னு நாம தடவிப் பாக்கிறதில்ல."

"அப்ப உன் உச்சவரம்பு?"

"வேணும். இப்பவும் வேணும்கிறேன். ஆனா ஸ்ட்ரைக்கை உடைச்சு வேண்டாம்."

 எனக்கு அன்றைக்கு வால்டர்மேல் மதிப்புத்தான் வந்தது, பொய் சொல்வானேன். பதினைந்து வருஷம் எதற்காகத் தொண்டை கிழியக் கத்தினாரோ அது கைக்கெட்டும்போது வேண்டாம் என்று சொல்ல ஒரு நெஞ்சு வேண்டும். அதோடு எங்கள் அணியில் ஆட்டக்காரர் சங்கத்துக்காகப் பேசியவன் லாமார் டன்ஸ்டன், நடு மைதானத்து ஆள், வால்டருக்கு உயிர். டிவியில் அவன் வந்து "நாங்க ஒத்துமையா நிப்போம்" என்று சொன்னபோது வால்டர் எழுந்து நின்று கை தட்டினார்.

ஜனவரியில் முதலாளிகள் ஒரு வேலை செய்தார்கள். சங்கத்துக்காரர்கள் வராவிட்டால் போகட்டும், வெளியாட்களை வைத்து ஆட்டத்தை நடத்துகிறோம் என்று அறிவித்தார்கள். பழைய ஆட்கள், பாதியில் விட்டவர்கள், லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூட வாத்தியார்கள் என்று யார் யாரையோ கூப்பிட்டார்கள்.

கென்னியையும் கூப்பிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து ஆட்கள் வந்துகொண்டிருந்த நேரம். பனி ஒட்டிய பூட்ஸோடு ஓடி வந்தான். முகமெல்லாம் சிவந்திருந்தது.

"சித்தி, அப்பா எங்க?"

"பின்னாடி பீப்பாய் மாத்தறார். ஏண்டா, லாட்டரி கீட்டரி விழுந்துடுச்சா?"

"அதுக்கும் மேல."

வால்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவன் நின்றபடியே சொன்னான்.

"அப்பா, நம்ம டீம்ல கூப்பிட்டிருக்காங்க. ஃப்ளோரிடால பயிற்சி கேம்ப். நல்லா எறிஞ்சா, ஏப்ரல்ல நம்ம மைதானத்துலயே எறியலாம்."

"நீ என்ன சொன்ன?"

"வரேன்னு சொல்லிட்டேன்."

கடவுளே, அந்தப் பிள்ளை அப்பா சந்தோஷப்படுவார் என்று நிஜமாகவே நம்பி வந்திருந்தான். வால்டர் முகம் கல்லாகிப் போனதைப் பார்த்து அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஏன்ப்பா? ஓனருங்க நீ சொன்னதைத்தானே கேக்கறாங்க? தட்டுல வச்சு வச்சு நீதானே காட்டின? நம்ம ஊரு மாதிரி ஊருக்கு நல்லதுதானே? நான் நம்ம பக்கம்தான்ப்பா போறேன்."

"நான் கேட்டது வேற. ஸ்ட்ரைக்கு வேற. மறியலைத் தாண்டினா உன் குவளை கவிழும்."

"மறியலா? அங்க யாருப்பா நிக்கிறா? அவங்கவங்க பெரிய பங்களால இருக்காங்க."

"எங்க இருந்தா என்ன."

"அப்பா." குரல் இறங்கிவிட்டது. "எனக்கு இருபத்தேழு வயசு. இந்தத் தோள் இன்னும் ஒரு வருஷம் தாங்கும், அவ்வளவுதான். எனக்குக் காசு வேண்டாம், பேர் வேண்டாம். அந்த மேட்டுல ஒரு தடவை நிக்கணும். ஒரே தடவை. நீ வந்து பாக்கணும்."

"கருங்காலி எறியறதைப் பாக்க நான் வரமாட்டேன்."

எனக்கு மூக்கு நுனி வரைக்கும் கோபம் வந்துவிட்டது. "அத்தான், ஆலை மூடி எவ்வளவு வருஷமாச்சு! எந்த மறியலைப் பத்திப் பேசறீங்க? பெத்த பிள்ளையைப் போய் அந்த வார்த்தை சொல்றீங்களே, வாய் கூசலையா?"

"நீ இதுல தலையிடாத, ஓல்கா."

"தலையிடுவேன். அவன் எங்க அக்கா பெத்தது."

பிரயோசனமில்லை. சுவரிடம் பேசியிருக்கலாம்.

கென்னி பிப்ரவரியில் போனான். போன அன்று மத்தியானம் வால்டர் வந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. மேடைக்குப் பின்னால் வந்து அவன் குவளையை எடுத்தார். துண்டால் உள்ளே நன்றாகத் துடைத்தார், விளிம்பைத் துடைத்தார். அப்புறம் கவிழ்த்து வைத்தார்.  எமில் எழுந்து வெளியே போய்ச் சிகரெட் பற்றவைத்தார்.

அந்த ஆறு வாரமும் கென்னியின் பேரைச் சொன்னால் வால்டர் எழுந்து போய்விடுவார். ஆனால் ஃப்ளோரிடாச் செய்தி பேப்பரில் வந்தால், அந்தப் பக்கம் மட்டும் மடிப்புக் கலைந்து கிடக்கும். கென்னி நன்றாக எறிந்தான். அணியில் இடமும் கிடைத்தது. அவர்களை எங்கள் நகரத்துக்கு அழைத்தும் வந்துவிட்டார்கள். முதல் ஆட்டத்துக்கு ஓரிரு நாள் இருக்கும்போது நீதிமன்றம் ஆட்டக்காரர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வேலைநிறுத்தம் முடிந்தது. உச்சவரம்பும் வரவில்லை, ஒன்றும் வரவில்லை. வெளியாட்களையெல்லாம் கையைக் குலுக்கி வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அன்று சாயங்காலம் கதவைத் திறந்துகொண்டு கென்னி வந்தான். தோளில் பை, தலையில் அணியின் புதுத் தொப்பி. மூலையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. லாமார் டன்ஸ்டன் சிரித்துக்கொண்டே ஏதோ பேசிக்கொண்டிருந்தான்.

கென்னி நேராகப் பலகைக்கு எதிரே வந்து நின்றான். குவளையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"ஒரு ஆட்டம்கூட நடக்கலப்பா. அந்த மேட்டுல நான் ஏறவே இல்ல. தூரத்துலேருந்துதான் பாத்தேன், தார்ப்பாய் போட்டு மூடியிருந்துச்சு."

வால்டர் டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆட்டமே நடக்காதப்ப நான் எதைத் தாண்டினேன்? சொல்லுப்பா."

எல்லோரும் காத்திருந்தோம். எதிரே வந்து நிற்கிறான். கவிழ்த்தவர் அங்கேயே இருக்கிறார். எழுந்து நாலு எட்டு வைத்தால் போதும். எமில் மெல்லச் சொன்னார்: "வால்டர், போதும்யா. எந்திரி."

வால்டர் தன் குவளையை என் பக்கம் தள்ளினார்.

"ஓல்கா, இன்னொண்ணு ஊத்து."

கென்னி தொப்பியைக் கழற்றி மேடைமேல் வைத்தான். "வரேன் சித்தி" என்றான். கதவை அடித்துச் சாத்தக்கூட இல்லை. மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனான். அந்த வாரமே ஊரை விட்டுப் போனான். கடைசியில் நெவாடாவில் ஏசி பழுது பார்க்கிற வேலை என்று தெரிந்தது. கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு அட்டை வரும். "நல்லா இருக்கேன் சித்தி" என்று ஒரு வரி, கீழே போன் நம்பர், அவ்வளவுதான் எழுதியிருப்பான். அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அட்டையை வால்டர் கண்ணில் படுகிற மாதிரி மேடைமேல் வைப்பேன். எடுத்துப் பார்ப்பார், அதே இடத்தில் வைத்துவிடுவார்.

டன்ஸ்டன் ஒப்பந்தம் முடிந்ததும் நியூயார்க்குக்குப் போனான். அவர்கள் கொடுத்த பணத்தைக் கேட்டு மதுக்கூடமே மூச்சை இழுத்தது. வால்டரைச் சீண்ட எமிலுக்கு அதைவிட நல்ல நாள் வாய்த்திருக்காது. எமில் வாயைத் திறந்தார், பலகையைப் பார்த்தார், பேசாமல் மூடிக்கொண்டார். பிறகு கொஞ்ச காலத்தில் எமிலும் போய்ச் சேர்ந்தார். உச்சவரம்பைப் பற்றி வால்டர் அப்புறம் பேசியதே இல்லை. எங்கள் அணி வருஷா வருஷம் தோற்றது. நாங்கள் வளர்த்ததையெல்லாம் பெரிய ஊர்க்காரர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அந்தப் பழைய கத்தலைக் கேட்க எனக்கே ஏக்கமாக இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன் வசந்த காலத்தில், நகரத்தில் ஒரு கார் கடைத் திறப்புக்கு டன்ஸ்டன் வருவதாக ரேடியோவில் சொன்னார்கள். ஓய்வு பெற்றுவிட்டான், காசுக்குக் கையெழுத்துப் போடுகிற வேலை. வால்டர் காலையிலேயே வந்து நின்றார், சவரம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு.

"என்னைக் கூட்டிட்டுப் போ. எனக்கு ராத்திரி மாதிரி பகல்லயும் கண்ணு தெரிய மாட்டேங்குது."

"கையெழுத்து வாங்க இந்த வயசுலயா?"

"ஒண்ணு கேக்கணும்."

வரிசை நீளமாக இருந்தது. குழந்தைகளும் தகப்பன்களும். வால்டர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார், உட்காரச் சொன்னாலும் கேட்கவில்லை. எங்கள் முறை வந்தது. டன்ஸ்டன் பருத்துப்போயிருந்தான், சிரிப்பு மட்டும் அதே சிரிப்பு.

"ஐயா, யார் பேருக்குப் போடட்டும்?"

"கையெழுத்து வேண்டாம்ப்பா. தொண்ணூத்தஞ்சுல அந்த வெளியாளுங்க கேம்ப்புக்கு என் பையன் போனான். கென்னி ஹுடாக். உங்க ஸ்ட்ரைக்கைத் தாண்டிப் போனான்னு நான் அவனோட பேசறதை விட்டுட்டேன். நான் பண்ணது சரியான்னு உன்னைக் கேக்கணும். நீதானே அங்க நின்னவன்."

டன்ஸ்டன் பேனாவைக் கீழே வைத்தான். சிரிப்புப் போய்விட்டது.

"அப்பலேருந்தா? இன்னும் பேசலையா?"

"இல்ல."

"ஐயா... எங்களுக்கு அன்னைக்குக் கோபம் இருந்துச்சு. இல்லேன்னு சொல்லல. நியூயார்க்ல எங்க டீம்ல ஒருத்தன் இருந்தான், அதே மாதிரி கேம்ப்புக்குப் போனவன். சங்கத்துல கடைசி வரைக்கும் அவனைச் சேக்கல. நாங்களும் முதல்ல ஒரு மாசம் மூஞ்சி குடுத்துப் பேசல. அப்புறம் கூடவே பஸ்ல போறோம், கூடவே சாப்பிடறோம். எவ்வளவு நாளைக்கு மூஞ்சியைத் திருப்ப முடியும்?" கொஞ்சம் தயங்கினான். "என் சின்னப் பையன் ஞானஸ்நானத்துல ஞானத்தகப்பனா நின்னதே அவன்தாங்கய்யா."

வால்டர் தலையை ஆட்டினார், வழி சொன்னவருக்கு ஆட்டுகிற மாதிரி. "சரிப்பா. நல்லாயிரு" என்றார். டன்ஸ்டன் எழுந்து கையை நீட்டினான், பின்னாலிருந்த கூட்டம் முணுமுணுத்தது. வெளியே வந்து காரில் உட்கார்ந்ததும் பெல்ட் மாட்டத் தெரியாமல் தடவிக்கொண்டிருந்தார். நான்தான் மாட்டிவிட்டேன்.

பாலம் தாண்டியதும் சொன்னார்: "ஒரு மாசமாம், ஓல்கா. அவனுங்களுக்கு ஒரு மாசம்தான் ஆச்சாம்."

எனக்குத் திட்ட ஆயிரம் வார்த்தை இருந்தது. வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதேன்.

கிளப்புக்கு வந்ததும் போன் போடச் சொன்னார். கிறிஸ்துமஸ் அட்டையில் நம்பர் இருந்தது. ஆலைச் சத்தத்தில் அவர் காது எப்போதோ போய்விட்டது, அதனால் ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திவிட்டேன். மணி அடித்தது. எடுத்தான்.

"கென்னி."

"யாரு?"

"அப்பா."

அந்தப் பக்கம் ஏதோ மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தான்.

"என்னாச்சு? சித்திக்கு ஏதாவதா?"

"அவ குத்துக்கல்லாட்டம் நல்லா இருக்கா. உன் குவளையை நிமித்தணும்டா. நீ வரணும், நீ எதிர்ல நின்னாத்தான்..."

"தெரியும்ப்பா. எனக்கும் அந்த முறை தெரியும்."

"நீ வந்தா நானே நிமித்தி, நானே ஊத்தித் தரேன். நான் தப்புப் பண்ணிட்டேன்டா. எல்லார் எதிர்லயும் சொல்றேன்."

 தொடர்பு போய்விட்டதோ என்று நான் குனிந்தேன்.

"அப்பா, நான் குடிக்கிறதை விட்டுட்டேன். ஆறு வருஷமாச்சு."

"ஏண்டா?"

"விடலேன்னா செத்திருப்பேன்."

கோபமாகச் சொல்லவில்லை. வெயில் ஜாஸ்தி என்று சொல்கிற மாதிரிதான் சொன்னான். வால்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார், உனக்குத் தெரியுமா என்று. சத்தியமாக எனக்கும் தெரியாது. ஒரு வரி அட்டையில் என்ன தெரியும்?

"எப்பலேருந்துடா அப்படி ஆச்சு?"

"அதெல்லாம் இப்ப எதுக்குப்பா."

வால்டர் மேடை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"காபி ஊத்தலாம்" என்றார். "அதுல காபியும் ஊத்தலாம்டா. பீங்கான்தானே. ஓல்கா போட்டு வைப்பா."

"பாக்கலாம்ப்பா. வெயில் ஆரம்பிச்சாச்சு, இப்பதான் எங்களுக்கு வேலை ஜாஸ்தி."

"சரி சரி. வேலை முக்கியம். சனிக்கிழமைன்னா நான் இங்கதான் இருப்பேன்."

"தெரியும்ப்பா. உடம்பைப் பாத்துக்கோ."

அதன்பிறகு இரண்டு கோடை போய்விட்டது. கென்னி வரவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. மாசத்துக்கு ஒருமுறை வால்டர் போன் போடுகிறார், ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, வெயிலைப் பற்றி இரண்டு வார்த்தை. கடைசியில் "பாக்கலாம்ப்பா" என்பான்.

குவளை கவிழ்ந்தபடியேதான் இருக்கிறது. போன மாசம் எனக்குப் பொறுக்கவில்லை.

"அத்தான், எடுத்து நிமித்துங்க. இனி எவன் வந்து கேக்கப் போறான்? பாதிப் பேர் கல்லறைல இருக்கான்."

"அவன் எதிர்ல நிக்கணும்."

"கவுத்தப்ப அவன் எதிர்லயா நின்னான்?"

  அப்படிக் கேட்டிருக்க வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் கேட்டாயிற்று.

சனிக்கிழமை மத்தியானமானால் வால்டர் வந்து கதவைப் பார்த்த மாதிரி உட்காருகிறார். நான் ஒரு ஜாடி காபி போட்டு வைக்கிறேன். இந்த மதுக்கூடத்தில் காபி கேட்டு வந்தவன் இதுவரை ஒருவனும் கிடையாது. ஆறுகிறதே, நீங்களாவது ஒரு வாய் குடியுங்கள் என்றால் வேண்டாம் என்கிறார். அது கென்னிக்குப் போட்டதாம். கடை சாத்தும்போது அதைத் தொட்டியில் ஊற்றிவிட்டு, ஜாடியைக் கழுவி வைக்கிறேன்.